சொசைட்டிக் கூட்டத்தில் யார் பேச்சு எடுபடும்? ஐந்து வழிகள், ஓர் ஒப்பீடு

ஐந்து வருஷத்துக்கு முன்னால் மும்பை செம்பூரில், வீட்டுக்காரர்கள் கூட்டுறவுச் சங்கமாகச் சேர்ந்து நடத்தும் ஹவுசிங் சொசைட்டியான எங்கள் கட்டடத்தின் மேல்தளச் சுவர்களில் ஓதம் ஏறிப் பெயின்ட் உரிந்துபோனது. பொதுக்கூட்டம் கூடியது. ஒன்றரை மணி நேரம் ஏழெட்டு ஆண்கள் பேசினார்கள். மொட்டைமாடி முழுக்க வாட்டர்ப்ரூஃபிங் செய்வது என்று முடிவாகி, வீட்டுக்கு 18,000 ரூபாய் வசூலித்தார்கள். அடுத்த மழைக்காலத்தில் அதே சுவர் அதே இடத்தில் நனைந்தது. டேங்கின் ஓவர்ஃப்ளோ குழாயில் விரிசல் இருந்ததுதான் காரணம். மேல்தளத்தில் தனியாக இருக்கும் ஓர் அம்மாவுக்கு இது ஆரம்பத்திலேயே தெரியும். மழை பெய்யாத நாளிலும், காலையில் டேங்க் நிரம்பும் நேரத்தில் மட்டும் சுவர் கசிவதை அவர் பார்த்திருக்கிறார். கூட்டத்தில் எழுந்து சொல்லவும் செய்தார். ஹிந்தி தடுமாறியது. "ஹாங் ஹாங், ஆன்ட்டி" என்று யாரோ சொன்னார்கள், பேச்சு வேறு பக்கம் போய்விட்டது. கூட்டக் குறிப்பான மினிட்ஸில் அவர் பெயரே இல்லை.

அந்தக் கூட்டத்தில் நானும் உட்கார்ந்திருந்தேன். அவர் சொல்ல வந்ததைத் தமிழில் கேட்டு எல்லாருக்கும் எடுத்துச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. கல்லூரியில் சமூகவியல் நடத்தியவள் நான். ஒரு குழுவில் யார் பேச்சு எடுபடும் என்பதைப் பாடமாகவே எடுத்திருக்கிறேன். என் கட்டடத்தில் அது கண்முன்னால் நடந்தபோது வாயைத் திறக்கவில்லை என்பது இன்னும் உறுத்துகிறது. அதற்குப் பிறகுதான் கூட்டம் நடத்தும் முறைகளை ஒவ்வொன்றாகக் கவனிக்க ஆரம்பித்தேன்.

இந்த வருஷ ஏஜிஎம் (வருடாந்தரப் பொதுக்கூட்டம்) நெருங்கும் நேரத்தில் மூன்று பேர் ஏறக்குறைய ஒரே கேள்வியைக் கேட்டார்கள். முலுண்டில் ஒரு சொசைட்டி கமிட்டிக்குப் புதிதாக வந்திருக்கும் பெண், தாராவியில் தங்கள் சாலுக்குள் (ஒற்றை அறை வீடுகளின் வரிசை) சேமிப்புக் குழு நடத்தும் பெண்களில் ஒருவர், மாட்டுங்கா பக்கம் ஒரு தமிழ் மன்றத்தின் செயலாளர். ஆளுக்கு ஒரு முறை என்று வரிசையாகப் பேசவைப்பதா, எழுதி வாங்குவதா, பெண்ணைத் தலைவராக்குவதா, பெண்கள் தனியாகக் கூடிப் பேசிவிட்டு வருவதா, இல்லை இப்போது நடப்பது போலவே விட்டுவிடுவதா? எதை எடுப்பது என்று புரியாமல் நிற்கிறார்கள்.

## எதை வைத்து எடைபோடுவது

முதலில், "நம்ம பொம்பளைங்க கூச்சப்படுவாங்க" என்ற விளக்கத்தைத் தள்ளிவைத்துவிடுங்கள். அதே பெண் ரேஷன் கடையில் அளவு குறைந்தால் விடமாட்டார். பள்ளிக்கூடத்தில் ஃபீஸ் விஷயமாகப் போய் நியாயம் கேட்டுவிட்டு வருவார். சொசைட்டி ஆபீஸில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்ததும் அவருக்குக் குரல் எழவில்லை என்றால், பார்க்க வேண்டியது அந்த அறையைத்தான்.

ஸ்டான்ஃபோர்டில் ஜோசப் பெர்கரும் அவருடன் வேலை செய்தவர்களும் 1960களிலும் 70களிலும் இதை ஒரு கோட்பாடாக வளர்த்தார்கள். ஒரு வேலைக்காக நாலு பேர் கூடியதும், இதில் யாருக்கு விஷயம் தெரிந்திருக்கும் என்று ஒவ்வொருவரும் மனசுக்குள் ஒரு கணக்குப் போடுகிறார்கள். வெளியே தெரியும் அடையாளங்களை வைத்துத்தான் அந்தக் கணக்கு. ஆணா பெண்ணா, என்ன வேலை, என்ன வயது; நம் ஊரில் என்றால் என்ன சாதி, என்ன மொழி, சொந்த வீடா வாடகையா. மேலே வைக்கப்பட்டவருக்குப் பேச இடம் கிடைக்கிறது, அவர் சொல்வது சரியாகப் படுகிறது, கருத்து மோதும்போது மற்றவர்கள் இறங்கி வருகிறார்கள். கீழே வைக்கப்பட்டவரும் தன்னைப் பற்றி அதே கணக்கைப் போட்டுக்கொள்கிறார் என்பதுதான் இதில் வலிக்கிற இடம்.

இந்தக் கோட்பாட்டில் எனக்கு மிக முக்கியமாகப் படுவது இன்னொன்று. அந்த அடையாளத்துக்கும் கையிலிருக்கும் வேலைக்கும் சம்பந்தமே இருக்க வேண்டியதில்லை. குழாய் விரிசலுக்கும் ஆண்பெண் வித்தியாசத்துக்கும் ஒரு தொடர்பும் கிடையாது. ஆனால் தொடர்பு இல்லை என்று யாராவது வெளிப்படையாகக் காட்டும்வரை அந்தக் கணக்கு தானாக ஓடிக்கொண்டே இருக்கும். சும்மா விட்டால் சரியாகாது என்பதற்கு இதைவிடத் தெளிவான காரணம் எனக்குத் தெரியவில்லை.

சோதனைகளும் இதையே காட்டின. 1950களில் சிகாகோவில் ஃப்ரெட் ஸ்ட்ராட்பெக் சோதனைக்காக ஜூரிக் குழுக்களை, அதாவது வழக்கில் தீர்ப்புச் சொல்லும் பொதுமக்கள் குழுக்களைப் போல, உட்காரவைத்துப் பார்த்தார். ஆண்களும், பெரிய வேலையில் இருந்தவர்களும்தான் அதிகம் பேசினார்கள், தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்டதும் அவர்களில்தான் அதிகம். 1954-இல் வெளியான டோரன்ஸின் ஆய்வு அமெரிக்க விமானப்படைக் குழுக்களைப் பற்றியது. விமானி, வழிகாட்டி, துப்பாக்கி வீரர் என்று மூன்று பேர் சேர்ந்து புதிருக்கு விடை காண வேண்டும். துப்பாக்கி வீரருக்குச் சரியான விடை தெரிந்திருந்தபோதும், விமானிக்குத் தெரிந்திருந்தபோது ஏற்றுக்கொண்ட அளவுக்குக் குழு அதை ஏற்றுக்கொள்ளவில்லை. அவர்கள் எல்லாரும் ஆண்கள். அதாவது பெண் என்பது இந்தக் கணக்கில் ஓர் அடையாளம், பதவி இன்னொன்று. எங்கள் மேல்தளத்து அம்மாவுக்குப் பெண், முதியவர், ஹிந்தி வராதவர் என்று மூன்றும் சேர்ந்துகொண்டன.

ஆக, ஒவ்வொரு வழியையும் நான் நான்கு கேள்விகளால் எடைபோடுகிறேன்.

பேச இடம் கிடைக்கிறதா? இதை எல்லாரும் பார்க்கிறார்கள்.

பேசியது எடுபடுகிறதா? இதைப் பலர் பார்ப்பதில்லை. ரம்யா பார்த்தசாரதி, நேத்ரா பழனிசாமி, விஜயேந்திர ராவ் மூவரும் தமிழ்நாட்டுக் கிராம சபைகளில் பேசப்பட்டதை எழுத்தாக்கி, கணினி உதவியோடு ஆராய்ந்து 2019-இல் வெளியிட்டார்கள். பெண்கள் பேசுவது குறைவு. அவர்கள் எழுப்பிய விஷயத்தைத் தொட்டு மற்றவர்கள் பேசுவதும் குறைவு, அதிகாரிகளிடமிருந்து பொருத்தமான பதில் வருவதும் குறைவு. பேசுவதும் எடுபடுவதும் இரண்டு வேறு பூட்டுகள், இரண்டுக்கும் ஒரே சாவி கிடையாது.

பேசியவர் என்ன விலை கொடுக்கிறார்? 1982-இல் செசிலியா ரிட்ஜ்வே வெளியிட்ட ஆய்வில், கலப்புக் குழுவில் ஒரு பெண் "இது நம் எல்லாருக்கும் நல்லது" என்ற தொனியில் பேசியபோது அவர் சொல்லுக்கு மதிப்புக் கிடைத்தது. தன் நலனை முன்வைப்பவராகத் தெரிந்தபோது அது குறைந்தது. ஆண்களுக்கு எந்தத் தொனியில் பேசினாலும் மதிப்பு இருந்தது. இது ஒரு வகை விலை. வீட்டுக்குப் போனபின் "உனக்கு எதுக்கு இந்த வேலை" என்று கேட்கப்படுவது இன்னொரு வகை.

கூடுதல் வேலை யார் தலையில் விழுகிறது? சமத்துவத்துக்காகக் கொண்டுவந்த ஏற்பாடே பெண்களுக்கு இன்னொரு ஷிஃப்ட் ஆகிவிடக் கூடாது.

ஐந்து வழிகளும் இந்த நான்கில் எப்படி நிற்கின்றன என்பதை முதலில் அட்டவணையாகத் தருகிறேன்.

| வழி | பேச இடம் | எடுபடுவது | பேசியவர் தரும் விலை | கூடுதல் வேலை |
|---|---|---|---|---|
| கை தூக்கியவர் பேசுவது | பழக்கப்பட்டவர்களுக்கே | ஆளைப் பொறுத்து | அதிகம் | இல்லை |
| வரிசைச் சுற்று | எல்லாருக்கும் | ஓரளவு | நடுத்தரம் | நேரம் பிடிக்கும் |
| முன்பே எழுதி வாங்குவது | எழுத வருபவர்களுக்கு | கருத்து எடுபடும், ஆள் தெரியாது | மிகக் குறைவு | செக்ரட்டரிக்கு |
| பெண் தலைமை | பெரிதாகக் கூடாது | நன்றாக | தலைவருக்கு அதிகம் | தலைவருக்கு |
| பெண்களின் முன்கூட்டம் | மிக நன்று | பெரிய கூட்டத்துக்குப் போய்ச் சேர்ந்தால் | பங்கிட்டுக்கொள்ளலாம் | பெண்களுக்கு |

## கை தூக்கியவர் பேசுவது

இப்போது எங்கும் நடப்பது இதுதான். செலவில்லை, ஏற்பாடு வேண்டாம், யாரையும் தடுக்கவில்லை என்ற திருப்தியும் உண்டு. லிஃப்ட் நின்றுவிட்டது, சம்ப்பில் (தரைக்கடித் தண்ணீர்த் தொட்டி) சாக்கடை கலந்துவிட்டது என்றால் இதைத் தவிர வேறு வழிக்கு நேரமும் இல்லை. ஐந்தாறு பேர், பல வருஷம் சேர்ந்து வேலை செய்தவர்கள், ஒருவர் திறமை இன்னொருவருக்குத் தெரியும் என்றால் இதுவே போதும்.

மறைந்திருக்கும் செலவு எங்கள் வீட்டுக்கு 18,000 ரூபாய். ஒழுகல் நிற்கவும் இல்லை.

இந்த முறையை மாற்ற முடியாத இடத்தில் இரண்டு சின்னத் திருத்தங்கள் செய்யலாம். ஒன்று, முதல் கேள்வியைப் பெண்ணிடமிருந்து வாங்குவது. 2018-இல் வெளியான ஓர் ஆய்வு பத்து நாடுகளில் 247 கல்விக் கருத்தரங்குகளைக் கவனித்தது. முதல் கேள்வியை ஆண் கேட்டுவிட்டால் அதற்குப் பிறகு பெண்கள் கேட்பது குறைந்தது. படித்து ஆராய்ச்சி செய்யும் பெண்களுக்கே அப்படி என்றால் நம் ஏஜிஎம்மைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. இரண்டு, நாற்காலி. ஸ்ட்ராட்பெக்கும் ஹுக்கும் 1961-இல் காட்டியது, ஜூரி மேசையின் இரு முனைகளில் உட்கார்ந்தவர்கள் தலைவராவது அதிகம் என்பதை. எங்கள் கூட்டங்களில் ஆண்கள் முன்வரிசையிலும் பெண்கள் வாசல் பக்கமாகவும் உட்காருவார்கள். குக்கரை அணைக்க ஓடவேண்டியவர் வாசல் பக்கம்தானே உட்கார முடியும்? நாற்காலிகளை வட்டமாகப் போட்டாலே இதில் பாதி குறைகிறது.

## வரிசைச் சுற்று

ஆளுக்கு இரண்டு நிமிஷம். வரிசையாக ஒவ்வொருவரும். குறுக்கே யாரும் பேசக் கூடாது. எல்லாரும் ஒரு சுற்று முடித்தபின்தான் விவாதம்.

எனக்கு இந்த முறைமேல் தனிப்பட்ட நம்பிக்கை உண்டு. அதற்கு ஒரு காரணம் அனிதா வூலியும் மற்றவர்களும் 2010-இல் வெளியிட்ட ஆய்வு. 699 பேரை இரண்டு முதல் ஐந்து பேர் கொண்ட குழுக்களாகப் பிரித்துப் பலவகை வேலைகள் கொடுத்தார்கள். எந்தக் குழு நன்றாகச் செய்தது என்பதற்கு, அதில் இருந்த மிகப் பெரிய புத்திசாலியின் அளவு அவ்வளவாகப் பொருந்தவில்லை. பேச்சு எல்லாரிடமும் பரவியிருந்த குழுக்கள் மேலாகச் செய்தன. அடுத்தவர் மனநிலையைப் படிக்கத் தெரிந்தவர்கள் இருந்த குழுக்களும், பெண்கள் அதிகம் இருந்த குழுக்களும் மேலாகச் செய்தன. ஆகவே இதைப் பெண்களுக்குச் செய்யும் உபகாரமாக நினைக்க வேண்டாம். ஒழுகும் இடம் எது என்று சீக்கிரம் தெரியவேண்டும் என்றால் எல்லாரையும் கேட்டாக வேண்டும்.

ஆனால் இதைச் சரியாகச் செய்ய நான்கு விஷயங்களைக் கவனிக்க வேண்டும். மூன்று வருஷம் இதை எங்கள் கட்டடத்தில் நடத்திப் பார்த்துத்தான் எனக்கே தெரிந்தது.

எங்கிருந்து ஆரம்பிப்பது என்பது பெரிய விஷயம். சேர்மனிடமிருந்து ஆரம்பித்தால் மற்றவர்கள் "அவர் சொன்னதுதான் எனக்கும்" என்று உட்கார்ந்துவிடுகிறார்கள். சுற்று நடந்ததாக மினிட்ஸில் இருக்கும், ஒன்றும் நடந்திருக்காது. பொதுவாகக் குறைவாகப் பேசுபவரிடமிருந்து ஆரம்பித்து, சேர்மன், செக்ரட்டரி, பொருளாளர் மூவரும் கடைசியில் பேச வேண்டும்.

அப்புறம் மொழி. அவரவர் மொழியில் பேசலாம், பக்கத்தில் இருப்பவர் மாற்றிச் சொல்வார் என்று முதலிலேயே அறிவித்துவிட வேண்டும். செம்பூரில் தமிழ், மராட்டி, மலையாளம், சிந்தி, ஹிந்தி எல்லாம் ஒரே மாடிப்படியில் புழங்குகின்றன. கூட்டத்தில் மட்டும் ஏன் ஒன்றாகச் சுருங்க வேண்டும்?

மூன்றாவது, நேரம். நாற்பது வீடு என்றால் இரண்டு நிமிஷ வீதம் எண்பது நிமிஷம். அதனால் பெரிய கூட்டத்தில் எட்டெட்டுப் பேராகப் பிரித்து, ஒவ்வொரு வட்டத்திலும் சுற்று முடித்து, ஒருவர் தொகுத்துச் சொல்லும்படி வைக்க வேண்டும். இங்கே ஓர் ஓட்டை உண்டு. தொகுத்துச் சொல்ல ஆண் எழுந்தால் பழைய கணக்கு திரும்பி வந்துவிடும். யார் தொகுப்பது என்று சீட்டுக் குலுக்கிப் பாருங்கள்.

நான்காவதுக்கு எனக்கு இன்னும் முழு விடை கிடைக்கவில்லை. ஒரு வீட்டில் மாமனாரும் மருமகளும் கூட்டத்துக்கு வருகிறார்கள். மருமகள் முறை வரும்போது மாமனார் எதிரிலேயே அவருக்கு மாறாகப் பேச வேண்டும். "பாஸ்" என்கிறார். சுற்று அவருக்குப் பேச இடம் கொடுத்தது, ஆனால் பேசும் விலையைக் குறைக்கவில்லை. சில சமயம் எல்லார் கண்ணும் அவர்மேல் விழுவதால் விலை கூடவும் செய்கிறது. இந்த மாதிரி இடத்தில் அடுத்த வழிதான் உதவும்.

பதினைந்து பேருக்கு உட்பட்ட கமிட்டி, சேமிப்புக் குழு, மன்றச் செயற்குழு, இவற்றுக்கு வரிசைச் சுற்றே முதல் தேர்வு.

## முன்பே எழுதி வாங்குவது

கூட்டத்துக்கு ஒரு வாரம் முன்னால் வாட்ச்மேன் அறையில் ஒரு பெட்டி. கேள்வியோ யோசனையோ புகாரோ, பெயர் போடாமல் போடலாம். கூட்டத்தில் அவற்றை எண் போட்டு வாசித்துப் பதில் சொல்ல வேண்டும்.

பேசியவர் யார் என்று தெரியாததால் அறையின் கணக்கு இங்கே செல்லாது. செக்ரட்டரி மேல் புகார், மெயின்டனன்ஸ் கணக்கில் சந்தேகம், வாட்ச்மேனோ உறுப்பினரோ தவறாக நடந்துகொள்வது, கட்டடத்தை இடித்துப் புதிதாகக் கட்டும் ரீடெவலப்மென்டுக்குச் சம்மதமா இல்லையா, இவற்றுக்கெல்லாம் இதைவிட நல்ல வழி இல்லை. மருமகளின் பிரச்சினையும் இங்கே தீர்கிறது.

மறைந்த செலவுகள் மூன்று. எழுத வராதவர்களும், எழுதினால் கையெழுத்தை வைத்துக் கண்டுபிடித்துவிடுவார்கள் என்று பயப்படுபவர்களும் வெளியே நிற்கிறார்கள். எங்கள் கட்டடத்தில் கல்லூரி படிக்கும் இரண்டு பிள்ளைகள் வீடு வீடாகப் போய்ச் சொல்வதைக் கேட்டு டைப் செய்து கொடுத்தார்கள். இரண்டாவது, வாசிப்பவர் நேர்மை. சங்கடமான சீட்டு காணாமல் போகாமல் இருக்க, பெட்டியைத் திறந்து எண்ணும்போது கமிட்டியில் இல்லாத இருவர் இருக்க வேண்டும்.

மூன்றாவதுதான் ஆழமானது. பெயரில்லாத சீட்டு கருத்தைக் காப்பாற்றும், ஆளைக் காப்பாற்றாது. குழாயில்தான் விரிசல் என்று சீட்டு சரியாகச் சொல்லி, அது நிஜமும் ஆனால், அடுத்த முறை அந்த அம்மாவை யாரும் கூப்பிட்டுக் கேட்கப்போவதில்லை. ஏனென்றால் சொன்னவர் அவர் என்று யாருக்கும் தெரியாது. திறமை வெளியே தெரிந்தால்தான் பழைய கணக்கு அழியும். ஆகவே இதை மட்டுமே வருஷக்கணக்கில் நடத்துவது எனக்குச் சரியாகப் படவில்லை.

வாட்ஸ்அப் குரூப் இருக்கிறதே என்று கேட்பார்கள். அதில் பெயர் தெரிகிறது. கூட்டத்தில் பேசும் அதே ஏழெட்டுப் பேர்தான் அங்கேயும் எழுதுகிறார்கள்.

## பெண் தலைமை

மகாராஷ்டிரக் கூட்டுறவுச் சட்டம் கமிட்டியில் இரண்டு இடங்களைப் பெண்களுக்கு ஒதுக்குகிறது. நூறு பேர் வரை உறுப்பினர்கள் உள்ள சொசைட்டியில், மாதிரி விதிகளின்படி பதினொரு பேர் கமிட்டி. பதினொன்றில் இரண்டு. 1977-இல் ரோசபெத் மாஸ் கான்டர் ஒரு பெரிய நிறுவனத்தை ஆராய்ந்து எழுதியபோது, ஒரு வகையினர் நூற்றுக்குப் பதினைந்துக்குள் இருந்தால் அவர்கள் தனி மனிதர்களாகப் பார்க்கப்படாமல் தங்கள் வகையின் சின்னமாகவே பார்க்கப்படுகிறார்கள் என்றார். நம் பதினொன்றில் இரண்டு அந்த எல்லையை ஒட்டித்தான் நிற்கிறது. முலுண்டுத் தோழி எழுதியிருந்தார்: "நான் என்ன சொன்னாலும் 'லேடீஸ் என்ன நினைக்கிறாங்கன்னா' என்றுதான் மினிட்ஸில் எழுதுகிறார்கள்." ஒரே வரியில் கான்டரைச் சொல்லிவிட்டார்.

அதனால் இடம் மட்டும் போதாது, பொறுப்பான பதவி வேண்டும். இதற்கு நம் நாட்டிலேயே வலுவான ஆதாரம் இருக்கிறது. 73-வது அரசியல் சட்டத் திருத்தத்தால் ஊராட்சித் தலைவர் பதவிகளில் மூன்றில் ஒன்று பெண்களுக்கு ஒதுக்கப்பட்டது. ராகவேந்திர சட்டோபாத்யாயும் எஸ்தர் டுஃப்லோவும் மேற்கு வங்கத்திலும் ராஜஸ்தானிலும் ஆராய்ந்து 2004-இல் எழுதியது, பெண் தலைவர்கள் இருந்த ஊர்களில் குடிநீருக்கு அதிகம் செலவானது என்பதை. இரண்டு மாநிலங்களிலும் பெண்கள் அதிகம் கேட்டதில் ஒன்று குடிநீர். மேலே சொன்ன தமிழ்நாட்டு ஆய்விலும், ஒதுக்கீடு வந்ததால் பெண்கள் பேசுவது பெரிதாகக் கூடவில்லை, ஆனால் பேசிய பெண்ணுக்குக் காது கொடுக்கப்படும் வாய்ப்புக் கூடியது. இரண்டாவது பூட்டைத் திறக்கும் சாவி இதுதான் என்று நான் நினைக்கிறேன்.

விலையை முதல் பெண் கொடுக்கிறார். மேற்கு வங்கத்தைப் பற்றிய 2009 ஆய்வில், முதல் முறை வந்த பெண் தலைவரை ஊர் குறைவாகவே மதிப்பிட்டது. இரண்டாம் முறையும் பெண்ணே வந்தபோது அந்தக் குறை மறைந்தது. ஆகவே ஒரு வருஷம் வைத்துப் பார்த்துவிட்டு "சரிப்பட்டு வரலை" என்று மாற்றுவது மிகப் பெரிய தவறு. ஐந்து வருஷப் பதவிக்காலம் முழுக்க இருக்கவிடுங்கள், அடுத்தும் ஒரு பெண்ணே வரட்டும்.

மும்பையில் இன்னொரு தடை யார் கண்ணிலும் படாமல் இருக்கிறது. ஷேர் சர்டிஃபிகேட்டில் யார் பெயர் முதலில் இருக்கிறதோ அவருக்குத்தான் ஓட்டு. இரண்டாவது பெயர் ஜாயின்ட் மெம்பர், முதல் பெயர்க்காரர் வராதபோதுதான் அவர் ஓட்டுப் போட முடியும். எத்தனை வீட்டில் மனைவி பெயர் முதலில் இருக்கிறது? உங்கள் சர்டிஃபிகேட்டை இன்றைக்கே எடுத்துப் பாருங்கள். வாடகைக்கு இருப்பவர்களுக்கோ ஓட்டே கிடையாது. தண்ணீர் வரும் நேரம் நன்றாகத் தெரிந்தவர்கள் பல சமயம் அவர்கள்தான்.

## பெண்களின் முன்கூட்டம்

மும்பைக்கு இது புதிதல்ல. 1986-இல் பைகுல்லா நடைபாதைகளில் குடியிருந்த பெண்களைக் கொண்டு மகிளா மிலன் என்ற பெண்கள் அமைப்பு உருவானது. கோலார் தங்கவயலில் பிறந்து மும்பைக்கு வந்த ஜாக்கின் அற்புதம் முன்னின்று நடத்திய தேசியக் குடிசைவாசிகள் கூட்டமைப்பும், ஸ்பார்க் என்ற தொண்டு அமைப்பும் அதற்குத் துணையாக நின்றன. அந்தப் பெண்கள் தங்களுக்குள் கூடிச் சேமித்தார்கள், கணக்கு வைத்தார்கள், தங்களுக்கு எப்படிப்பட்ட வீடு வேண்டும் என்று பேசி முடிவெடுத்தார்கள். அதற்குப் பிறகு அதிகாரிகளோடு பேசப் போனபோது தனி ஆளாகப் போகவில்லை.

இந்த முறையின் பலம் அதுதான். ஒரு பெண் எழுந்து "எனக்கு வேண்டும்" என்பதற்கும், "பன்னிரண்டு வீட்டுப் பெண்கள் கூடிப் பேசினோம், எங்கள் முடிவு இது" என்பதற்கும் அறையில் எடை வேறு. ரிட்ஜ்வே சொன்ன விலையும் இங்கே குறைகிறது, பேசுபவர் தனக்காகப் பேசவில்லை என்பது கேட்பவர்களுக்குத் தெரிவதால்.

ஆபத்து, அது அங்கேயே நின்றுவிடுவது. பொங்கல் கோலம், நவராத்திரி சுண்டல், பிள்ளைகள் நிகழ்ச்சி எல்லாம் "லேடீஸ் விங்" பார்த்துக்கொள்ளும், லிஃப்ட் ஒப்பந்தமும் பெயின்டிங் டெண்டரும் மற்றவர்கள் பார்த்துக்கொள்வார்கள் என்று ஆகிவிடும். லிண்டா பாப்காக்கும் மற்றவர்களும் 2017-இல் வெளியிட்ட சோதனையில், யாருக்கும் பெயர் வாங்கித்தராத வேலை ஒன்றுக்கு யாராவது ஒருவர் முன்வர வேண்டும். கலப்புக் குழுக்களில் ஆண்களைவிடப் பெண்கள் 48 சதவீதம் அதிகமாக முன்வந்தார்கள். ஆண்கள் மட்டுமே இருந்த குழுவில் ஆண்களும் அதே அளவுக்கு முன்வந்தார்கள். ஆகப் பெண்களுக்கு இயல்பிலேயே சேவை மனப்பான்மை அதிகம் என்பதில்லை. பெண் இருக்கும் இடத்தில் பெண் செய்வார் என்று எல்லாரும், பெண்கள் உள்பட, எதிர்பார்க்கிறார்கள். டீ, மினிட்ஸ் எழுதுவது, நாற்காலி அடுக்குவது எல்லாவற்றையும் வீட்டு எண் வரிசையில் சுற்றுக்கு விட்டுவிடுங்கள். "யாராவது செய்யறீங்களா" என்று கேட்கவே வேண்டாம்.

முன்கூட்டத்தின் முடிவு பொதுக்கூட்ட அஜெண்டாவில் எண் போட்ட பொருளாக ஏற வேண்டும். அது நடக்காது என்று தெரிந்தால் இந்த வழியை எடுக்காதீர்கள்.

## ஓட்டா, எல்லாரும் ஒப்பும்வரை பேச்சா

ஐந்தில் எதை எடுத்தாலும் இந்தக் கேள்வி கூடவே வரும். கிறிஸ்டோபர் கார்போவிட்ஸ், டாலி மெண்டல்பர்க், லீ ஷேக்கர் மூவரும் 2012-இல் வெளியிட்ட ஆய்வில் ஐந்து பேர் கொண்ட 94 குழுக்கள். பெண்கள் சிறுபான்மையாக இருந்து, பெரும்பான்மை ஓட்டால் முடிவு என்று இருந்தபோது அவர்கள் பேச்சு மிகவும் சுருங்கியது. எல்லாரும் ஒப்ப வேண்டும் என்று இருந்தபோது அது விரிந்தது, ஏனென்றால் ஒருவரை விட்டுவிட்டு முடிவுக்கு வர முடியாது. பெண்கள் பெரும்பான்மையாக இருந்த குழுக்களிலோ ஓட்டு முறையே அவர்களுக்குப் பலம் கொடுத்தது.

சொசைட்டித் தீர்மானம் சட்டப்படி ஓட்டால்தான். ஆனால் பெண்கள் இரண்டு பேரே இருக்கும் கமிட்டி, எல்லாரும் ஒப்பும்வரை பேசிய பின்பே தீர்மானத்தைப் பொதுக்கூட்டத்துக்கு அனுப்புவது என்று தனக்குத்தானே வைத்துக்கொள்ளலாம்.

## கேட்டவர்களுக்கு

முலுண்டுத் தோழிக்கு: கமிட்டியில் வரிசைச் சுற்றும், எல்லாரும் ஒப்பும்வரை பேச்சும். அதோடு மினிட்ஸில் யோசனையைச் சொன்னவர் பெயரை எழுதும் வழக்கத்தைக் கொண்டுவாருங்கள். "லேடீஸ்" என்று எழுதினால் திருத்தக் கேளுங்கள். அடுத்த தேர்தலில் பொருளாளர் பதவிக்கு நில்லுங்கள், பணம் போகும் வழி அங்கேதான் தெரியும்.

தாராவிக் குழுவுக்கு: நீங்கள் ஏற்கெனவே முன்கூட்டம்தான். உங்களுக்குள்ளும் மேல் கீழ் உண்டு என்பதை மட்டும் பாருங்கள். படித்தவர், கணவருக்கு நல்ல வேலை இருப்பவர், உறவு வலுவாக உள்ளவர் பேச்சே ஓங்கும். வட்டமாக உட்கார்ந்து, புதிதாகச் சேர்ந்தவரிடமிருந்து ஆரம்பியுங்கள். எண்ணிக்கையில் நீங்களே எல்லாரும் என்பதால் ஓட்டுக்குத் தயங்க வேண்டாம்.

மன்றச் செயலாளருக்கு: எதையும் மாற்றும் முன் அடுத்த இரண்டு கூட்டங்களுக்கு ஒரு நோட்டு எடுத்துப் போங்கள். யார் எத்தனை முறை பேசினார், யாரை இடையில் வெட்டினார்கள், யார் சொன்னதற்குப் பதில் வந்தது என்று மூன்று பத்திகளில் கோடு போட்டால் போதும். பெண்கள் பேசவே இல்லை என்றால் சுற்று அல்லது சீட்டு. பேசுகிறார்கள், பதில் வருவதில்லை என்றால் சுற்று விட்டுப் பயனில்லை. தலைவர் நாற்காலியில் ஒரு பெண் உட்கார வேண்டிய நேரம் அது.

எங்கள் கட்டடத்தில் இப்போது பெரிய செலவுகளுக்குச் சீட்டு, கமிட்டிக்குச் சுற்று. போன ஆகஸ்டில் சம்ப் சுத்தம் செய்வது பற்றிப் பேச்சு வந்தபோது சுற்று மேல்தளத்திலிருந்து ஆரம்பித்தது. அந்த அம்மா தமிழில் நான்கு நிமிஷம் பேசினார், இரண்டு நிமிஷம் தாண்டியும் யாரும் நிறுத்தவில்லை. நான் பக்கத்தில் உட்கார்ந்து ஹிந்தியில் சொன்னேன். டேங்க் நிரம்பும் நேரத்தை அவர் ஒரு பழைய காலண்டர் பின்னால் எழுதிவைத்திருந்தார். செக்ரட்டரி அதை வாங்கி ஃபோட்டோ எடுத்துக்கொண்டார்.